பனி நிறுத்த வண்டியின் ஹீட்டர்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். அமீரகத்தில், அல் ஐன் சனாயாவில், பட்டறைகள் மட்டுமே இருக்கும் அந்தப் பகுதியில், வண்டிகளுக்கு ஏசி மாட்டும் வேலையில் இருந்தேன். ஒரு ஜூலை மாதம் டிரெய்லரில் ஆரஞ்சு நிறப் பழைய வண்டி ஒன்று வந்து இறங்கியது. டயர் கிடையாது, புல்டோசருக்கு இருப்பது போன்ற செயின். கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு மூடி. பக்கவாட்டில் நீள நீளமான அலுமினியக் குழாய்கள்.

"ஏல மக்கா, இது டாங்கியா டிராக்டராலே?" என்றான் தூத்துக்குடிக்காரன். ஊரில் போட் இஞ்சின் பார்த்தவன். இங்கே எங்கள் டீசல் மெக்கானிக், என் ரூம்காரனும்கூட.

பழைய வண்டிகள் சேர்க்கும் ஓர் அரபி அதை ஏதோ மலைநாட்டிலிருந்து வாங்கியிருந்தார். பிள்ளைகளை ஏற்றிப் பண்ணையைச் சுற்ற அவருக்கு ஆசை. இஞ்சின் ஓட வேண்டும், உள்ளே ஏசி வேண்டும். ஏசி வைக்கும் இடத்தை டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஹீட்டர் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

"நிகாலோ பாய்! இதர் ஹீட்டர் கிஸ்கோ சாஹியே?" என்றார் பாகிஸ்தான்கார ஃபோர்மேன். இந்த வெயிலில் ஹீட்டர் யாருக்கு வேண்டும், கழற்று என்கிறார். எனக்கும் சிரிப்புதான்.

நான் அதைக் கழற்ற உட்கார்ந்தபோது வண்டியின் பழைய சொந்தக்காரி வந்தார். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மா. எது எதற்கு என்று சொல்லித் தருவதற்காக அரபிதான் டிக்கெட் போட்டு வரவழைத்திருந்தார். அவரும் கணவரும் குளிர்காலம் முழுக்க அந்த வண்டியில் மலையேறிப் பனியை அளந்தவர்களாம். கணவர் இறந்த பிறகு விற்றுவிட்டார்.

ஒரு குழாயை எடுத்து அதன் நுனியில் இருந்த பற்களைக் காட்டினார். "இதைப் பனிக்குள் செருகி எடுப்போம். உள்ளே சிக்கிய பனியைத் தராசில் நிறுத்தால், உருகும்போது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரியும்." எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் புரிந்துகொண்டு தூத்துக்குடிக்காரனுக்குச் சொன்னேன்.

"பனியையா நிறுத்தாவ?" என்று அவன் குழாயைத் தடவிப் பார்த்தான்.

பாதி கழன்று நின்ற ஹீட்டர் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. "எடுக்கிறீர்களா?" என்றார். ஏசிக்காக என்றேன். "எடுங்கள். அது ஒருநாளும் வேலை செய்ததில்லை. என் கணவர் வருஷா வருஷம் பிரித்துப் பார்ப்பார். கடைசியில் கோபம் வந்து குத்துவார்." பெட்டி நெடுக நெளிசல். அதைப் பார்த்துச் சிரித்தவர், சிரிப்பு முடியுமுன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் போனதும் அவன், "கழத்தாதலே. என்ன கேடுன்னு பாத்துருவோம்" என்றான்.

"ஏசிய எங்க வைக்க?"

"பின் சீட்டுக்கு அடியில வையி."

"ஃபோர்மேன் கத்துவாரு மக்கா."

"கத்தட்டும்."

கத்தினார். வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆனால் கோளாறு பெட்டியில் இல்லை என்று அவன் கண்டுபிடித்தான். இஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் வரும் வழியில் ஒரு சின்ன வால்வு உள்ளுக்குள் துருப்பிடித்து அடைத்துக்கிடந்தது. வெளியே பார்த்தால் திறந்த மாதிரிதான் தெரியும். ஸ்கிராப் பிக்கப் ஒன்றிலிருந்து வேறு வால்வு எடுத்து மாட்டினான்.

ஊருக்குத் திரும்புமுன் அந்த அம்மா மறுபடி வந்தார். அவன் இஞ்சினைப் போட்டு, ஹீட்டர் லீவரை இழுத்தான். அனல் அடித்தது. "கதவை மூடுங்கள்" என்றார் அவர். வெளியே ஜூலை வெயில். உள்ளே நாங்கள் மூன்று பேர். அடுப்பில் குளிர்காய்வதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணீர் வியர்வையோடு சேர்ந்து ஓடியது. துடைக்கவில்லை.

"எம்மா, போதும்மா, வெந்துருவோம்" என்றான் அவன், தமிழில்தான். அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. பெரிதாகச் சிரித்து, எழுந்து, கூரை மூடியைத் தள்ளித் திறந்தார்.

"பாகல் ஹோ கயே க்யா?" பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டு ஃபோர்மேன் கண்ணாடியைத் தட்டினார். இறங்கி விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றவர், கூலரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துவந்து முதலில் அந்த அம்மாவிடம் நீட்டினார்.

கிளம்பும்போது அந்த அம்மா கை கொடுத்தார். அவன் கிரீஸ் கை என்று பின்னால் ஒளித்தான். அவர் விடவில்லை, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குலுக்கிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

வண்டியை எடுக்க வந்த அரபி, பின் சீட்டில் உட்கார்ந்து ஏசி நன்றாக இருக்கிறது என்றார். இந்த லீவர் எதற்கு என்று கேட்டார். ஹீட்டர் என்றேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, இருக்கட்டும், விடு என்று சொல்லி டிரெய்லரில் ஏற்றச் சொன்னார்.