மதியச் சங்கு ஊதினால் லைன் போகும்

“நீங்க போனா போவுது, நீங்க வந்து தொட்டா வருது. இதுக்கு என்னம்மா அர்த்தம்?”

மேனேஜர் இப்படிக் கேட்டபோது, லாரியை எடைபோடும் வேபிரிட்ஜில் தொடங்கிய மாங்காய் லாரி வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. எடைச் சீட்டு இல்லாமல் எந்த லாரியும் லோடு இறக்க முடியாது. கம்ப்யூட்டர்களை இணைக்கிற லைன் இல்லாமல் சீட்டு அச்சாகாது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து விடிவதற்குள் ஏற்றி வந்த பழம் தார்ப்பாய்க்கு அடியில் வெந்துகொண்டிருந்தது. அதே கேள்வியை நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் புரோகிராமைப் பற்றிக் கேட்கிறார்கள். வயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் வேலை போக இருந்தது வயரால்தான். அதனால் அந்த முதல் சீசனில் நடந்ததை எழுதுகிறேன். என் மகள் இப்போதுதான் பால்வாடிக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். அப்போது அவள் கைக்குழந்தை.

சங்கு

தர்மபுரியிலிருந்து தொப்பூர் போகும் வழியில் உள்ள ஒரு மாம்பழக் கூழ்த் தொழிற்சாலை அது. அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். மொத்தம் மூன்று. ஒன்று என் அறையில், அதுதான் சர்வர். அடுத்தது, அதே கட்டடத்தில் கணக்குப் பிரிவில். மூன்றாவது, முற்றத்துக்கு அந்தப் பக்கம் வேபிரிட்ஜ் கேபினில். வேபிரிட்ஜில் எடையை அடித்தால், கணக்குப் பிரிவு பிரிண்டரில் சீட்டு வர வேண்டும்.

மூன்றையும் ஒரே கருப்பு கோஆக்சியல் வயர் வரிசையாகக் கோத்துப் போகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் டி வடிவத்தில் ஒரு கனெக்டர். வயரின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடி. வழியில் எந்த இடத்தில் விட்டுப்போனாலும் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். எங்கே விட்டது என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. ‘நெட்வொர்க் எரர், அபார்ட், ரீட்ரை’ என்று மூன்று திரையிலும் ஒரே வாசகம் நிற்கும்.

நான் தற்காலிகமாகத்தான் சேர்ந்திருந்தேன். சீசன் முடிந்ததும் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஏரியூரில் ஒரு உரக்கடையில் இருந்தார். வாரக் கடைசியில் வருவார். கேட்டுக்கு எதிரே ஒரு அறை வாடகைக்குப் பிடித்திருந்தோம். அங்கே குழந்தையை என் நாத்தனார் செலின் பார்த்துக்கொண்டாள். மதியச் சங்கு ஊதியதும் சர்வர் அறையைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, பால் கொடுக்க ஓடுவேன். அடுத்த சங்குக்குத் திரும்பி வருவேன்.

லைன் போனது அந்த நேரத்தில்தான். சில நாள் காலையில் நான் டீ குடிக்கப் போகும் நேரத்திலும் ஒருமுறை போகும். நான் திரும்பி வந்து, டி கனெக்டரைக் கழற்றி மாட்டி, சர்வரை மறுபடி கிளப்பினால் வந்துவிடும். என் கைதான் சரிசெய்கிறது என்று முதலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகுதான் அது எனக்கு எதிரான சாட்சி என்று புரிந்தது.

லாரிக்காரர்கள் கேபின் ஜன்னலில் தலையை விட்டு, “கம்ப்யூட்டருக்கும் சோத்து நேரம் உண்டுங்களா?” என்று கேட்பார்கள். கணக்குப் பிரிவு மாதப்பன், மேனேஜர் காதில் விழும்படி, “கைச்சீட்டு எழுதுன காலத்துல மத்தியானத்துல பேனா நின்னதில்லீங்க” என்பார். கம்ப்யூட்டர் வரும் வரை எல்லாச் சீட்டையும் எழுதியவர் அவர்தான்.

சேலத்து சர்வீஸ் இன்ஜினியர் ஒருமுறை வந்தார். வந்தது காலை நேரம். லைன் ஒழுங்காக இருந்தது. ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு எல்லோருக்கும் வயர்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்துபோனது. மிச்சம் நான்தான். நான் இல்லாமல் லைன் ஓடாது என்று காட்டுவதற்காக, போகும்போது நானே எதையோ தளர்த்திவிட்டுப் போகிறேன் என்று பேச்சு வந்தது.

கண் மை

எனக்கோ மாதப்பன்மேல் சந்தேகம். மதியத்தில் அவர் எழுந்து போகமாட்டார். கட்டுச்சோறு கொண்டுவந்து இடத்திலேயே சாப்பிடுவார். அவர் காலுக்குப் பின்னால்தான் டி கனெக்டர் தொங்கியது. ஒரு கால் தூரம்.

கனெக்டர் கழுத்தை யார் திருகினாலும் தெரிய வேண்டும் என்று, குழந்தைக்கு வைக்கிற கண் மையில் ஒரு பொட்டு எடுத்து, மூன்று இடத்திலும் யாருக்கும் தெரியாமல் தடவினேன். தொட்டவர் விரலில் ஒட்டும், பொட்டும் கலையும். அன்று மதியமும் லைன் போனது. நான் திரும்பி வந்தபோது மாதப்பனின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருப்பாக இருந்தன. பேனா விழுந்ததுபோலக் குனிந்து அவர் மேஜைக்குப் பின்னால் பார்த்தேன். பொட்டு வைத்தபடியே இருந்தது. அவர் பிரிண்டரில் ரிப்பன் மாற்றியிருக்கிறார்.

வேபிரிட்ஜிலும் பொட்டு கலையவில்லை. என் அறையிலும் இல்லை. யாரும் தொடவில்லை என்று தெரிந்ததும் நிம்மதி வர வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. வேறு யாருமில்லை என்றால் நானா? வேகமாகக் கதவைச் சாத்துகிறேனே, அந்த அதிர்ச்சியில் ஆடுகிறதா? மறுநாள் பூட்டும்போது, தூங்குகிற பிள்ளையின் அறைக் கதவைப்போலச் சத்தமில்லாமல் சாத்தினேன். அன்றும் போனது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாதப்பன் சாதாரணமாக ஒரு பேச்சை விட்டார்.

“ஏம்மா, திங்கக்கெழம சேலத்துலருந்து வேலைக்கு ஒருத்தரு வர்றாராமே. கம்ப்யூட்டர் படிச்சவரு. உன்கிட்ட சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. மேனேஜர் அறைக்கு நேரே போனேன். சர்வீஸ் இன்ஜினியரை இன்னொரு தடவை வரச்சொல்லும்படியும், இந்த முறை மதியச் சங்குக்கு முன்னால் அவர் இங்கே இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். சரி, ஆனால் அன்றைக்கு நீங்கள் எங்கேயும் போகக்கூடாது, நானும் உங்கள் அறையில் உட்கார்ந்திருப்பேன் என்றார் மேனேஜர்.

மீட்டர் முள்

பசும்பால் காய்ச்சிக் கொடு, நான் வரமாட்டேன் என்று செலினிடம் சனிக்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டேன். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ்களெல்லாம் நின்றிருந்தன. சங்கு நேரம் நெருங்கியும் இன்ஜினியர் வரவில்லை. மேனேஜர் நாற்காலியை என் மேஜைக்கு எதிரே போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி உட்கார்ந்தார். சங்கு ஊதியது. வெளியே பழம் நறுக்குகிற பெண்கள் கலைந்து போகிற பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் திரையில் எரர் வந்தது.

என் இரண்டு கையும் மேஜைமேல் இருந்தன. மேனேஜர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

“கால்ல வயரு எதுவும் தட்டலையே?”

எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக் காட்டினேன். அழுகை வந்தது, அவர் முன்னால் அழவில்லை. பால் கட்டி நெஞ்சு வலித்தது. முந்தானையை இழுத்து மடித்துப் போட்டுக்கொண்டேன். அவ்வளவு தூரம் நிரூபித்தும், அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. நான் ஏற்கனவே ஏதோ செய்துவைத்திருப்பேன் என்பதுபோல இருந்தது.

அப்போதுதான் இன்ஜினியர் வியர்த்து வழிந்தபடி உள்ளே வந்தார். மூன்று கம்ப்யூட்டரையும் ஆஃப் செய்யச் சொன்னார். சர்வர் பின்னாலிருந்து டி கனெக்டரைக் கழற்றி, நடு ஊசியிலும் வெளி வளையத்திலும் மல்டிமீட்டரை வைத்தார். வயர் முழுசாக இருந்தால் முள் இருபத்தைந்து ஓம் காட்ட வேண்டும். இரண்டு முனை டெர்மினேட்டரும் சேர்ந்த கணக்கு அது. வழியில் எங்கேயாவது விட்டிருந்தால், இந்தப் பக்கத்து டெர்மினேட்டர் மட்டும் தெரியும். முள் ஐம்பதுக்குப் போகும். இந்த ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முள் இரண்டிலும் நிற்கவில்லை. இருபத்தைந்துக்கு வந்தது, ஐம்பதுக்குப் போனது, திரும்ப வந்தது.

லூஸ் காண்டாக்ட் என்றார் இன்ஜினியர். அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். ஊசியை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். முள் அதுபாட்டுக்குப் போய் வந்தது. லூஸ் காண்டாக்ட் என்றால் முள் துடிக்கும், குதிக்கும், இது குதிக்கவில்லை. ஒரே சீராகப் போகிறது, ஒரு நொடி தயங்குகிறது, வருகிறது. சிறிது நேரத்தில் அந்த வீச்சு குறையும். மறுபடி யாரோ இழுத்து விட்டதுபோலக் கூடும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த என் வலது கை, மடியில் தானாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. எதற்காக ஆடுகிறது என்று கையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“சார், இது தூளிங்க” என்றேன்.

“என்னதுங்க?”

“யாரோ தூளி ஆட்டறாங்க.”

மேனேஜர் சிரித்துவிட்டார். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் இன்ஜினியர் சிரிக்கவில்லை. வயர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார். கணக்குப் பிரிவிலிருந்து கூடைக் கொட்டகை வழியாக வேபிரிட்ஜுக்கு என்றேன். காலிக் கூடைகளை அடுக்குகிற கொட்டகை அது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் ஒருநாளும் அதற்குள் போனதில்லை.

மூன்று பேரும் போனோம். உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தது. கூடைகளுக்கு நடுவே பழம் நறுக்குகிற பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டகையின் குறுக்கே ஓர் இரும்புக் குழாய். அதில் வரிசையாகப் பழைய சேலைத் தூளிகள். வலது கையில் சோறு, இடது கையில் தூளிக் கயிறு என்று ஆளுக்கு ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தூளியும் சேர்ந்து ஆடும்போது குழாயும் கூடவே ஆடியது. குழாய்க்குள்ளே எங்கள் வயர். குழாயின் முனையில் இரண்டு வயரைச் சேர்க்கிற இணைப்பு. அந்த இடம் இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்து, குழாய் ஆடும்போதெல்லாம் விட்டு விட்டுச் சேர்ந்தது.

நானும் சங்கு ஊதினால் ஓடுகிறேன். அவர்களும் சங்கு ஊதினால் ஓடி வருகிறார்கள். அடுத்த சங்கில் நானும் திரும்புகிறேன், அவர்களும் கயிற்றை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். லைன் வந்தது என் கை பட்டதால் இல்லை.

மேனேஜர் குரலை உயர்த்தினார். “இங்க தூளி கட்ட யார் சொன்னது? எல்லாத்தையும் அவுருங்க.”

மாதம்மா என்ற பெண் மட்டும் எழுந்தாள். “நாங்க மூங்கில்ல கட்டியிருந்தோங்க. பைப்பு போட வந்தவங்க மூங்கில உருவிட்டு, அதே எடத்துல இத மாட்டிட்டுப் போயிட்டாங்க. வேற எங்கீங்க போடறது? வூட்டுல வெச்சுட்டு வர ஆளில்லீங்க.”

எனக்கு அங்கிருந்து போய்விடலாம் என்று இருந்தது. என்மேல் தப்பில்லை என்று தெரிந்தாயிற்று. இனி நான் வாயைத் திறந்தால், இவளும் பிள்ளைக்காரி, அதனால் சேர்ந்துகொண்டாள் என்று பழைய சந்தேகமே திரும்ப வரும். ஆனால் கண்டுபிடித்துக் கொடுத்தது நான். நான் சொன்னதால் இவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

“சார், இன்னைக்கு அவுத்தா நாளைக்குப் பழம் நறுக்க ஆள் வராதுங்க” என்றேன். “தூளி கட்டுற எடத்துல வயரக் கொண்டாந்ததுதாங்க தப்பு. வயர நகத்திக்கலாம்.”

மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். வெளிச்சுவர் ஓரமாகக் கொண்டுபோனால் வயர் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான் என்றார் இன்ஜினியர். குழாயின் கிளாம்புகளை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, இது பிள்ளைகளைத் தாங்காது, இன்னும் இரண்டு கிளாம்பு போட வேண்டும் என்றும் சொன்னார். “போடச் சொல்லுங்க” என்றார் மேனேஜர். வயரையா, கிளாம்பையா என்று சொல்லவில்லை. நாங்கள் இரண்டையும் போட்டோம்.

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பாமல், “போய் புள்ளைக்கிப் பால் குடுத்துட்டு வாங்க” என்றார். மன்னிப்பென்று எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, மாதப்பன் சொன்ன அந்தச் சேலத்துக்காரர் வந்தார். மேனேஜர் அவரை வேபிரிட்ஜில் உட்காரவைத்தார். என் உதவிக்கா, என்னைக் கவனிக்கவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சீசன் முடிந்ததும் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

லைன் போனால் நீங்களும் முதலில் ஆளைத்தான் சந்தேகிப்பீர்கள். உங்களையும் அப்படியே சந்தேகிப்பார்கள். அப்போது எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு மீட்டரை வையுங்கள். முள் எவ்வளவு காட்டுகிறது என்று மட்டும் பார்க்காமல், எப்படி அசைகிறது என்றும் பாருங்கள். பிறகு எழுந்து, வயர் போகிற வழி முழுவதும் நடந்து போங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தால், கண்ணுக்கு எதிரே இருக்கிற ஆள் மட்டும்தான் தெரிவார்.