புகார் எழுதச் சொன்னவர்

அறுபதுகளின் தொடக்கத்தில், மலாய் பேசும் நாட்டில் நான் படித்த பல்கலைக்கழக நூலகத்தில், புத்தகம் எடுத்துத் தரும் கவுண்டரில் ஒரு தமிழர் இருந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கேட்பவர் முகத்தைப் பார்க்கமாட்டார். கையிலுள்ள சீட்டைத்தான் பார்ப்பார்.

பரீட்சை நெருங்கிய ஒருநாள், ஒரு மணி நேரம் நின்றும் நான் கேட்ட புத்தகம் வரவில்லை. "உங்க மேல புகார் எழுதப் போறேன்" என்றேன்.

அவரே தாளை எடுத்து நீட்டினார். "எழுதுங்கம்மா. மூணு பேர் வேலைய ஒருத்தன் பாக்குறான்னும் சேத்து எழுதுங்க லா. நான் சொன்னா மேல யாரும் கேக்குறதில்ல."

இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் கவுண்டரில் மூன்று பேர் நின்றார்கள். புத்தகம் ஐந்தே நிமிடத்தில் வந்தது. அவரை மட்டும் காணோம். வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். நான் எழுதியதில் எந்த வரிக்காக அவரை மாற்றினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது.