நாலாவது கம்பியின் கரகரப்பு

எந்தக் கிட்டார் வந்தாலும் அத்தை முதலில் அதைக் குப்புறக் கிடத்தி, விரல் முட்டியால் முதுகைத் தட்டுவாள். கதவைத் தட்டிவிட்டு நிற்பவள் மாதிரி காதைச் சாய்த்துக் காத்திருப்பாள். பிறகுதான் கம்பியில் கை வைப்பாள்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா அத்தை?" என்று அண்ணன் மகள் சின்ன வயதிலிருந்தே கேலி செய்வாள்.

"இருந்தா உன்னை மாதிரி வாயாடியாத்தான் இருக்கும். சும்மா இரு."

தட்டுவதற்குக் காரணம் இருந்தது. கிட்டாரின் பலகைக்கு அடியில் விலா எலும்பு போலச் சன்னமான மரச்சட்டங்கள் ஒட்டியிருக்கும். அதில் ஒன்று பசை விட்டிருந்தால், தட்டும்போது ஒரு கிசுகிசுப்பும் சேர்ந்து வரும். அதைக் கேட்டுவிட்டால் அத்தையால் ஒட்டாமல் விட முடியாது.

இசைக்கருவிக் கடையில் பெருக்கித் துடைக்கப் போனவள் அவள். பழுது பார்க்கும் மேசைப் பக்கமே பெருக்கிப் பெருக்கித் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். கடையை மூடியபோது, தன் பட்டறைக்கென்று அண்ணன் வீட்டு முன்னறையில் பாதியை வளைத்துப் போட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிட்டார் வாசிக்கவும் தெரியாது. யாராவது அதைக் குத்திக் காட்டினால், "அடுப்பு ரிப்பேர் பண்றவன் சமைச்சா போடறான்?" என்பாள். அண்ணன் மகள்தான் அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். அதனால் அத்தைக்கு அவள் பட்டதாரி. பாதி பெருமை, பாதி கிண்டல்.

பட்டதாரி படிப்பை முடித்த வருடம் தையல்காரர் ஒரு கிட்டாரோடு வந்தார். பக்கத்துத் தெருவில் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"தூசி தட்டி, கம்பி மட்டும் மாத்திக் குடும்மா. துரு ஏறிப்போச்சு."

அத்தை முதுகைத் தட்டினாள். கிசுகிசுத்தது. கம்பிகளை ஒரு முறை மீட்டினாள்; நாலாவது கரகரத்தது. மகளைப் பறிகொடுத்தவருக்கு நம்மால் ஆனது என்று நினைத்து, சொல்லாத வேலையையும் செய்தாள். சட்டத்தை ஒட்டிக் காயவைத்து, பளபளவென்று கொடுத்தாள்.

தையல்காரர் நாலாவது கம்பியைச் சுண்டினார். மறுபடி சுண்டினார்.

"எங்கம்மா அது?"

"எது அண்ணே?"

"இதுல ஒரு கரகரப்பு இருக்கும். தொண்டை கட்டின மாதிரி. நான் மெஷின்ல உக்காந்திருப்பேன், உள்ளேர்ந்து அது வரும். அவ வீட்டுல இருக்கான்னு அதை வச்சுத்தான் எனக்குத் தெரியும்."

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. "திருப்பிக் கொண்டாந்துடறேன் அண்ணே," என்றாள். அந்தத் தொழிலில் இருக்கும் யாரும் கொடுக்கக் கூடாத வாக்கு அது.

கிட்டார் முன்னறைச் சுவரில் தொங்கியது. வேலை ஓய்ந்த நேரங்களில் அத்தை அதை இறக்கி, வட்டத் துளைக்குள் கையை விட்டு, சூடாக்கிய மெல்லிய தகட்டால் ஒட்டிய இடத்தைக் கீறுவாள். கரகரப்பு வரும், ஆனால் வேறு கரகரப்பு. தையல்காரர் வருவார், கண்ணை மூடிக் கேட்பார், இல்லையென்று தலையை ஆட்டுவார். "வேற யாரோ இருமற மாதிரி இருக்கும்மா."

மறுபடி ஒட்டுவாள். மறுபடி கீறுவாள். இப்படியே வருடங்கள் ஓடின.

அந்த வீட்டில் கரகரக்கும் எதுவும் அத்தையைப் பிடித்து நிறுத்தியது. பஸ் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் கையில் தட்டோடு எழுந்து நிற்பாள். மின்விசிறி, தண்ணீர்க் குழாய், ஒரு முறை அண்ணனின் குறட்டை. கிட்டாரும் சும்மா இருக்காது. அண்ணன் சத்தமாகப் பேசினால் சுவரிலிருந்து மெல்ல முனகும். "பாரு, உன்னை எதிர்த்துப் பேசுது," என்று பட்டதாரியின் அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அந்த அறையில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசப் பழகிக்கொண்டார்கள். ஒலிக்கு ஒலி அதிர்வது இயல்பு என்று பட்டதாரி படித்திருந்தாள். படித்திருந்தும் அவளும் தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள். "நீயே அதை ஒரே ஒரு தடவைதானே கேட்டிருக்க அத்தை?"

"ஆமா. அதுவும் சரியாக் கேக்கல. குறைன்னு நினைச்சுக் கேட்டேன்."

"அவருக்கும் இந்நேரம் மறந்திருக்கும். ஏதாவது ஒண்ணை இதுதான்னு அடிச்சுச் சொல்லு. ஒத்துக்குவார். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

அத்தை தகட்டைக் கீழே வைத்தாள். "இதைச் சொல்லவா உன்னைப் படிக்க வச்சோம்? வேற எவளோ குரலைக் காட்டி உம்பொண்ணுன்னு சொல்லச் சொல்றியா?"

தான் சொன்னது இரக்கமா, சலிப்பா என்று பட்டதாரிக்கே பிடிபடவில்லை. அதற்குப் பிறகும் பிடிபடவில்லை.

அத்தையின் நுரையீரல் கெட்டுப்போனது. கடைசி நாட்களில் அவள் மூச்சே கரகரத்தது. மூச்சு வாங்குவதற்கு நடுவில், "நாலாவதைச் சுண்டு," என்பாள். பட்டதாரி சுண்டுவாள். அத்தை கேட்பாள், இல்லையென்று தலையை ஆட்டுவாள். அப்படியே ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பட்டதாரி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தையல் கடைக்குப் போனாள். ஒருவேளை இப்போது சரியாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. தையல்காரருக்கு நன்றாக வயதாகியிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாலாவது கம்பியைச் சுண்டினார். கரகரத்தது. உள்ளங்கையால் கம்பியை அடக்கினார்.

"இல்லம்மா."

"அப்படியே வச்சுக்கோங்க ஐயா. உங்க பொருள்தானே. அத்தையும் போயிட்டாங்க."

"உங்க அத்தை தர்றேன்னது இது இல்லியே." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அளவு சரியில்லாத சட்டையைத் திருப்பிக் கொடுப்பது போல் கிட்டாரை அவள் கையில் வைத்தார். "சொன்னது சொன்னதுதானே. உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினை மிதித்தார். படியிறங்கப் போனவளின் கைக்குள் கிட்டார் மெல்ல முனகியது. அவர் கால் நின்றது. இருவரும் அசையாமல் கேட்டார்கள்.

"இதுவும் இல்ல," என்று அவர் மறுபடி மிதித்தார்.

பட்டதாரி கிட்டாரை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.