காயாத சிவப்பு

பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றதிலிருந்து என் மகள் அதிகம் பேசுவதில்லை. மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, ஆயில் பெயின்ட்டில் வசந்தகாலத்தை வரைந்துகொண்டிருந்தாள். எல்லாம் கறுத்த மொட்டை மரங்கள்; அவற்றின்மேல் தடிமனாக அப்பிய சிவப்பு. எனக்கு அது ரத்தமாகவே தெரிந்தது.

அவள் வெளியே போயிருந்த ஒரு மதியம், பயம் தாங்காமல் அவள் பிரஷ்ஷை எடுத்துக் கிளைகளில் பச்சை இலைகள் போட்டேன். அவள் பூசி ஐந்து நாளாகியும் சிவப்பு காய்ந்திருக்கவில்லை. பச்சை அதோடு குழைந்து சேறானது. துடைக்கத் துடைக்கப் படம் முழுக்கப் பரவியது.

திரும்பி வந்தவள் அப்படியே நின்றாள்.

"அரே அம்மா, என்ன பண்ணி வச்சிருக்கே?"

"வசந்தம்னா இலை வேண்டாமாடி? மொட்டை மரமும் ரத்தமுமா இருந்தா பயமா இருக்காதா?"

"ரத்தமா! அது சிவப்பு இலவம்பூம்மா. இலையெல்லாம் கொட்டினப்புறம்தான் பூக்கும். ஸ்டேஷனுக்கு தினம் அந்த மரத்துக்குக் கீழேதானே நடந்து போறே? பயமா இருந்தா என்னைக் கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அக்கம்பக்கத்தாருக்கு, உறவினருக்கு எல்லாம் பதில் சொன்னேன். "எப்படி இருக்கே?" என்று அவளிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அன்று மாலை கேட்டேன். இன்னும் அவள் பதில் சொல்லவில்லை. தினமும் கேட்கிறேன்.