உள்ளூர்க்காரர் சாப்பிடும் இடம்

வென்டல் பொமேர் கரண்டியை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தி வைத்திருக்கிறார். வேன் இன்னும் வளைவு திரும்பவில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது. கரண்டியிலிருந்து தேங்காய்ப்பால் ஒரு சொட்டு தட்டில் விழுகிறது. வேன் நின்று, கதவு இழுபட்டு, முதல் செருப்பு மணலில் இறங்கும்போது கரண்டி வாய்க்குள் போகிறது. கண்கள் மூடுகின்றன. நம்ப முடியாத நல்ல செய்தியைக் கேட்ட மனிதரைப்போலத் தலை இடமும் வலமும் மெல்ல ஆடுகிறது. பிறகு விரல்நுனிகளைக் குவித்து, முத்தமிட்டு, காற்றில் விடுகிறார். இறங்கியவர்களில் ஒருவர் இன்னொருவரின் முழங்கையைத் தொடுகிறார். அந்த வேன் வேறெங்கும் போகப்போவதில்லை.

சான் அந்திரேஸ் தீவின் கிழக்குக் கரையில் தோன்யா பியேதாதின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கூரைக்கு மேல் பெரிய எழுத்தில் 'உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடம்' என்று பலகை. அந்த உள்ளூர்க்காரர்கள் என்பது வென்டல்தான். சாலையைப் பார்த்த முன்மேசை அவருடையது. அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது அவருடைய உத்தியோகம்.

விடுமுறைக்கு வருகிறவர்கள் விமானத்திலிருந்து இறங்கும்போதே தெளிவாக இருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடக் கூடாது. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தில்தான் சாப்பிட வேண்டும். பெருநிலத்து நகரங்களான போகொதாவிலும் மெதெயினிலும் எல்லோருக்கும் யாரோ இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் இடம் எது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வென்டலுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஓலைத் தொப்பியின் விளிம்பைத் தோன்யா பியேதாத் தன் கையாலேயே கத்தரிக்கோல் வைத்துக் கிழித்துக் கொடுத்தாள். நாற்காலியின் முதுகில் ஒரு மீன்வலை தொங்குகிறது. அவருடைய வளைந்த முதுகைக் காட்டி, "கடல் ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கு பாரு" என்று வேனில் வரும் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். வென்டலுக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். எதிரே தெரியும் குட்டித் தீவுக்கு ஒருமுறை போய், திரும்பிவர மறுத்து, ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தவர். வேலைபார்த்த காலமெல்லாம் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். முதுகை வளைத்தது இவர்களுடைய பெட்டிகள்தான். இவர்கள் அதைக் கடலின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

"மீன் எப்பப் பிடிச்சதுங்க?" என்று கேட்டால் அவரிடம் தயாராக ஒரு பதில் உண்டு.

"காலைல. செத்துட்டோம்னு மீனுக்கே இன்னும் தெரியாது."

மீன் சரக்குக் கப்பலில் பனிக்கட்டியாக வருகிறது. தேங்காய்ப்பால் டப்பாவில் வருகிறது. தீவுக்காரர்கள் தேங்காய்ப்பாலில் வைக்கும் மீன் குழம்புக்கு ரொண்டோன் என்று பெயர்; அந்தப் பெயரில் அங்கே கொண்டுவந்து வைக்கும் குழம்பில் ஈரப்பலாவுக்குப் பதில் உருளைக்கிழங்கு கிடக்கிறது. தீவுக்காரன் எவனும் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. வென்டலும் முதல் வாரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்கினார். பிறகு பழகிவிட்டது. ஒரு கிண்ணம் சோற்றை ஒரு வேன் வந்து கிளம்பும்வரை நீட்டிக்கத் தெரியும். மெல்லாமலே தாடையை அசைக்கத் தெரியும்.

"மெதுவா, என் ராசா, மெதுவா. ஜனங்க பாக்கறாங்க" என்பாள் தோன்யா பியேதாத், கல்லாவிலிருந்து. மெதெயின்காரி. தேன் தடவாமல் அவளுக்கு ஒரு வார்த்தை வராது. ஆனால் நிபந்தனையில் தேன் கிடையாது: வேறு எந்த இடத்திலும், நாலு பேர் பார்க்க, வென்டல் வாயைத் திறந்து சாப்பிடக் கூடாது. "ஒரு உள்ளூர்க்காரருக்கு ஒரு கடைதான். ரெண்டு கடைல தின்னா எவன் நம்புவான்?"

தீவின் நடுவே இருக்கும் குன்றில்தான் வென்டலின் வீடு. அங்கே ஒரு வழக்கம். சாப்பாட்டை யாரும் புகழ மாட்டார்கள். புகழ்ச்சி அந்நியருக்கும் செத்தவருக்கும் உரியது. வயிறு நிறைந்தவன் குற்றம் சொல்வான். மாவுருண்டை கல்லு என்பான். குழம்பில் போட வேண்டிய பன்றிவாலைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டதா என்று கேட்பான். ஞாயிற்றுக்கிழமை மேடையில் அன்பைப் பற்றி உருகும் பாஸ்டர்கூட, விருந்து மேசையில், "அம்மா, இந்த நண்டு நோயில செத்ததா?" என்பார். சமைத்தவள் அகப்பையால் மிரட்டுவாள், எல்லோரும் சிரிப்பார்கள், தட்டு மறுபடி நிரம்பும். யாராவது "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டால் போச்சு. அன்று ராத்திரி அவள் தூங்க மாட்டாள்.

குன்றில் அதிகமாகத் திட்டு வாங்கிய கை, வென்டலின் மனைவி எர்மிண்டாவின் கை. சனிக்கிழமைதோறும் சாலையோரத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, விறகடுப்பில் ரொண்டோன் வைப்பாள். இந்த மாதிரி மேசைகள் குன்றில் பல உண்டு. எர்மிண்டாவின் மேசையில்தான் சத்தம் அதிகம் இருக்கும்.

இருந்தது. வென்டல் கடற்கரையில் உட்கார ஆரம்பித்த பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. ஆட்கள் மற்ற மேசைகளுக்கு நகர்ந்தார்கள். காரணத்தை வென்டலின் ஒன்றுவிட்ட தங்கை லோலியாதான் எர்மிண்டாவின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"உம் புருஷனே கீழ அந்தப் பான்யாக்காரி கடைல கண்ண மூடி மூடித் திங்கறானாம். எங்கள மட்டும் இங்க வந்து திங்கச் சொல்றியா அண்ணி?"

பான்யா என்பது பெருநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்குத் தீவில் வழங்கும் பெயர். யாரும் அதைக் கொஞ்சிச் சொல்வதில்லை.

எர்மிண்டா அன்று ராத்திரி வென்டலிடம் பேசினாள். அவர் சாப்பிடாமல் கட்டிலில் சாய்ந்திருந்தார். கடற்கரையிலிருந்து வந்தால் அவருக்குப் பசிப்பதில்லை. அடுப்பு மேல் பானை மூடியபடியே இருந்தது.

"கடைசியாச் சொல்றேன் மனுஷா. வர்ற சனிக்கெழம என் மேசைக்கு முன்னாடி வந்து நிக்கற. தட்டு வாங்கற. குன்றே பாக்கத் திங்கற. வரலன்னா மேசைய உடைச்சு அடுப்புல வெச்சுருவேன். அப்புறம் ஆயுசுக்கும் அவகிட்டயே தின்னுக்க."

"சனிக்கெழமதான் கூட்டம் அதிகம், எர்மிண்டா."

"எனக்கும் அன்னிக்குத்தான்."

வென்டல் தைரியசாலி இல்லை. தோன்யா பியேதாதிடம் போய், பெரியம்மா மகன் இறந்துவிட்டான் என்றார். சாகத் தகுந்த பெரியம்மா பிள்ளைகளுக்கு அந்தத் தீவில் குறைவில்லை. அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "அழுதுட்டு சீக்கிரம் வந்துடுங்க, என் ராசா. அங்க எதுவும் சாப்பிட்டுடாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு குன்றேறினார். மேசையைச் சுற்றிச் சிலர் நின்றிருந்தார்கள். லோலியா இருந்தாள். எர்மிண்டா அவரைப் பார்த்தாள். தட்டை எடுத்து, ரொண்டோனை ஊற்றி, மேசையின் விளிம்பில் வைத்தாள். அவர் அதைக் கையில் எடுத்தபோதுதான் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது.

அது குன்றில் நிற்கும் பேருந்து அல்ல. பழைய தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டு நேரே கடற்கரைக்கு இறங்க வேண்டியது. வழிகாட்டிப் பெண் லெய்தி, ஜன்னல் வழியாக அந்தத் தொப்பியைப் பார்த்து நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

"தோன் வென்டல்! நீங்க இங்கயா சாப்பிடறீங்க? அப்போ இதுதான் நெஜமான எடம்!"

பின்னாலேயே பேருந்து முழுவதும் இறங்கியது. கைபேசிகள் உயர்ந்தன. எர்மிண்டாவின் மேசை முன்னால் இவ்வளவு பேர் ஒருநாளும் நின்றதில்லை. பானை நிறைய இருந்தது. பக்கத்து மேசைக்காரிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கா தாத்தா?" என்று கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்.

வென்டலுக்குத் தன் நிலைமை விளங்கியது. கண்ணை மூடித் தலையை ஆட்டி விரலை முத்தமிட்டால் இத்தனை பேரும் தட்டு வாங்குவார்கள், பானை காலியாகும். ஆனால் டப்பாத் தேங்காய்ப்பாலுக்குக் கொடுத்த அதே முத்தத்தை எர்மிண்டாவின் முகத்துக்கு நேரே கொடுத்தால், அதைவிட மேசையை அவரே உடைத்து அடுப்பில் வைக்கலாம். குன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. குன்றின் வழக்கப்படி குற்றம் சொன்னாலோ, இந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு என்ன புரியும்?

பழக்கம் அவருக்காக முடிவெடுத்தது. கரண்டி பாதி வழியில் நின்றது. கைபேசிகள் நெருங்கின. கரண்டி உள்ளே போனது. கண்கள் மூடின. தலை ஆடத் தொடங்கியது.

அப்புறம் நின்றுவிட்டது.

விறகுப் புகை. கல்லில் துருவிப் பிழிந்த தேங்காய். பாலைக் குடித்துக் கனத்த ஈரப்பலா. ஒரு வருஷமாக மெல்லாமல் அசைந்துகொண்டிருந்த தாடை, கேட்காமலே மெல்ல ஆரம்பித்தது. வென்டல் விழுங்கினார். அடுத்த கரண்டியைத் தானே அள்ளினார். யாரும் படம் எடுப்பதற்கு முன்பே அது உள்ளே போய்விட்டது. வாய் நிறைய வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து எர்மிண்டாவை முறைத்தார்.

"உப்பு எங்க? கடல் பக்கத்துலதான இருக்கு, ஒரு கை அள்ளிப் போட்டா என்ன? இது பலாவா, செருப்புத் தோலா? இந்த மாவுருண்டையக் கட்டித் தொங்கவிட்டா கப்பலுக்கு நங்கூரம் வேணாம்!"

லோலியா கையைத் தட்டிச் சிரித்தாள்.

"நங்கூரமாம்! அண்ணி, கேட்டியா? ஊத்து, எனக்கும் ஊத்து. நானும் பாக்கறேன் அந்த நங்கூரத்த."

"பன்னிவால் எங்க? அதையும் கடற்கரைக்காரிக்கு வித்துட்டீங்களா?" என்றான் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன், மற்றொரு மேசையின் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தபடி.

எர்மிண்டா அகப்பையை அவன் பக்கம் ஓங்கினாள். "வாலு உனக்குத்தான்டா முளைச்சிருக்கு! வா இங்க!"

கறுப்புக் கண்ணாடிக்காரர் கவலையோடு லெய்தியிடம் திரும்பினார். "என்ன சொல்றாங்க? ஏன் சண்டை போடறாங்க?"

லெய்தி தீவிலேயே பிறந்த பான்யாக் குடும்பத்துப் பெண். பெருநிலத்தாருக்குப் புரியாத குன்றின் பாஷையில் ஒரு சொல் விடாமல் அவளுக்குத் தெரியும். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். உப்பில்லை. பலா செருப்பு மாதிரி. மாவுருண்டை நங்கூரம் மாதிரி. பன்றிவாலைக் காணோம்.

கைபேசிகள் இறங்கின. ஒரு பெண் தன் குழந்தையின் கையிலிருந்த காகிதத் தட்டை மெதுவாக வாங்கி மேசையில் திரும்ப வைத்தாள். "உள்ளூர்க்காரங்களே இப்படிச் சொன்னா..." என்றார் கண்ணாடிக்காரர். எர்மிண்டாவைப் பார்த்து இரக்கமாகப் புன்னகைத்தார்.

"பரவால்லங்க" என்றாள் லெய்தி. "கீழ கடற்கரைல ஒரு எடம் இருக்கு. இவரே தினம் அங்கதான் சாப்பிடறார்."

பேருந்து கிளம்பியது. குன்றிலிருந்து கடற்கரைக்கு அதிக தூரமில்லை. அது போய் நிற்கும்போது முன்மேசை காலியாக இருக்கும். துக்க வீட்டுக்குப் போன மனிதர் எங்கே நின்று என்ன தின்றுகொண்டிருந்தார் என்பதை லெய்தி இறங்கியதுமே சொல்லிவிடுவாள். வென்டல் அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். தட்டு காலியாக இருந்தது. எப்போது காலியானது என்று அவருக்குத் தெரியவில்லை.

எர்மிண்டா பேருந்து மறைவதைப் பார்க்கவில்லை. பானைக்குள் அகப்பையை விட்டு அடிவரை துழாவினாள். தூக்கியபோது அதில் மீனும் சங்குக் கறியும் பலாத் துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கொண்டுவந்து அவர் தட்டில் கவிழ்த்தாள். திரும்பிப் போய் மறுபடி துழாவினாள். மறுபடி கவிழ்த்தாள். மூன்றாவது முறை அவள் வருவதைப் பார்த்து வென்டல், "போதும், எர்மிண்டா" என்று தட்டுக்கு மேல் கையை விரித்து மறைத்தார்.

அவள் அந்தக் கையின் மேலேயே ஊற்றினாள்.