எஞ்சின் பெட்டியின் மேல் சூடம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஒரு படகு வந்து நின்றது. கரையோரத்து ஊரொன்றில் பழையதாக வாங்கி, லொறியில் ஏற்றி, பசறை மலைப்பாதை வளைவுகளில் கவிழ்ந்துவிடாமல் என் கணவர் கொண்டுவந்து இறக்கியிருந்தார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் நின்று நின்று பார்த்தார்கள். "என்னக்கா, மலைக்கு மேல கப்பல் விடப் போறீங்களா?" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. நானும் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தேன்.

இவர் பதுளை ஸ்டேஷனில் வேன் ஓட்டுகிறவர். ரயிலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும், எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டு, படகுச் சவாரி உண்டா என்று கேட்பார்களாம். கேட்டுக் கேட்டு இவருக்கு ஆசை பிடித்துவிட்டது. படகுக்கு எஞ்சின் மட்டும் இல்லை. பதுளையில் ஒரு கராஜில், நொறுங்கிப்போன சின்னக் காரிலிருந்து கழற்றிய பெற்றோல் எஞ்சின் கிடந்தது. பசறையில் ஒருவரிடம் கை உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சின் இருந்தது. இரண்டில் எது என்பதுதான் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு.

"டீசல் படபடன்னு கத்தும். புகை வேற. சும்மா ஏரியைப் பாக்க வர்றவன் காதைப் பொத்திக்கிட்டா இருப்பான்? பெற்றோல்னா சத்தமே இருக்காது. பனிக் காலையிலயும் சட்டுனு ஸ்டார்ட் ஆகும்" என்பார் இவர்.

"காருல ஒழுகினா ரோட்டுல போயிரும். போட்ல ஒழுகினா எங்கங்க போகும்?" என்று கேட்பேன்.

"ஒழுகாது."

"ஒழுகினா?"

"ஒழுகாதுங்கிறேன்ல. சரியான பயந்தாங்கொள்ளி நீ."

ஆமாம், நான் பயந்தாங்கொள்ளிதான். எனக்கு அந்தப் பயம் வந்தது எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில். வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலைக் கேனில் ஊற்றி ஆளாளுக்கு வீட்டுக்குள் வைத்திருந்த நேரம் அது. எங்களுக்கு நாலு காம்பரா தள்ளி ஒருவர் கேனிலிருந்து போத்தலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அடுப்பு உள்ளே, அவர் வெளியே வாசலில். அவ்வளவு தூரத்தில் இருக்கிற அடுப்பு என்ன செய்யும் என்றுதானே நினைப்போம்? நான் தண்ணீர் பிடிக்கிற பீலியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து நீலமாக ஒன்று தரையோடு தரையாக ஓடி வந்தது. வாசற்படியைத் தாண்டி நேராக அவர் காலுக்குப் போனது. மனுஷன் பிழைத்துக்கொண்டார். ஆனால் பெற்றோல் வாசனை மேலே போகாது, கீழேதான் படுத்துக் கிடக்கும் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வாசனை மூக்கில் பட்டாலே அடுப்பு எங்கே எரிகிறது என்றுதான் முதலில் தேடுவேன்.

இதையெல்லாம் இவரிடம் சொல்லாமலா இருந்தேன்? சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். பெற்றோல் எஞ்சின்தான் வந்தது. படகின் நடுவில் அதை உட்கார வைத்து, மேலே பலகைப் பெட்டி அடித்து மூடினார்கள். நெருப்புப் பிடித்தால் தண்ணீரில் குதிக்க வேண்டும்; குதித்தால் முழுகத்தான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நீச்சல் தெரியாது. மலையில் பிறந்தவர்களுக்கு நீச்சல் எங்கே வரும்? இரவில் படுத்தால் இதே கணக்குத்தான் மனதில் ஓடும்.

படகை நீர்த்தேக்கத்தில் இறக்கி, வெள்ளிக்கிழமை காலை பூசைக்கு நேரம் குறித்தார்கள். எங்கள் பக்கம் எந்த வண்டி வாங்கினாலும் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் எடுக்க மாட்டார்கள். படகுக்குச் சக்கரம் எங்கே? பூசாரி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழித்தார். கடைசியில் படகுக்கு முன்னால் தண்ணீரில் போட்டார். அது மிதந்து போனது. "ஓடுதே!" என்று என் மகள் கைகொட்டினாள். அவளுக்கு ஐந்து வயது. படகில் எஞ்சின் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தேங்காயைக் கொடுக்க நான் பலகை வழியாகப் படகில் ஏறினேன். குனிந்தபோதுதான் வாசனை வந்தது. நிமிர்ந்தால் இல்லை, குனிந்தால் இருந்தது. இவர் காலையில்தான் கேனிலிருந்து ஊற்றினார், சிந்திய வாசனையாக இருக்கும் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. படகைச் சுற்றித் தண்ணீர்மேல் எண்ணெய் நிறம் நிறமாகப் படர்ந்திருந்தது. அடியில் தேங்கியிருந்த தண்ணீரை இவர் சற்றுமுன் வாளியால் அள்ளி வெளியே ஊற்றியிருந்தார்.

பூசாரி எஞ்சின் பெட்டியின் மேல் சூடத் தட்டை வைத்தார். வண்டி என்றால் எஞ்சினுக்குத்தானே சூடம் காட்டுவார்கள்? அந்தப் பழக்கத்தில்தான் அவர் வைத்தார், யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. முதல் தீக்குச்சி பனியில் நமுத்துப்போய்ப் பற்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் அடுத்த குச்சியை எடுத்துவிட்டார். இரண்டாவது குச்சி பற்றியது. சூடம் எரிந்தது. மகளின் கால் பெட்டியை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது.

எப்படிப் போனேன் என்று தெரியாது. தட்டை எடுத்துத் தண்ணீரில் தூர எறிந்தேன். தட்டு முழுகியது. சூடம் முழுகவில்லை. மிதந்தபடியே எரிந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்று இவர் கத்தினார்.

"எரியிற சூடத்த இப்படிப் பண்ணலாமாம்மா? அம்மனுக்கு ஆகுமா?" என்றார் பூசாரி.

நான் மகளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டேன். காற்று கரைப்பக்கமாக அடித்தது. சூடம் மெல்லத் திரும்பிப் படகை நோக்கி வந்தது. அந்த எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தே வந்தது. என் பார்வை போன இடத்தை இவரும் பார்த்தார். முகம் செத்துவிட்டது. துடுப்பை எடுத்துத் தண்ணீரை அடித்தார், தள்ளினார், மறுபடி அடித்தார். சாமி, சாமி என்று நான் முனகியது எனக்கே கேட்டது. படகுக்கு ஒரு கை தூரத்தில் சூடம் அவிந்தது.

பிறகு இவர் பெட்டியைத் திறந்தார். குழாய் பொருத்திய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. படகின் அடியில் பெற்றோல் தேங்கி நின்றது. பூசாரி எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கரைக்கு இறங்கிப் போனார்.

அடுத்த வாரமே டீசல் எஞ்சின் வந்தது. அது கத்துகிற கத்தல் மேட்டு லயம் வரைக்கும் கேட்கிறது. டீசல் அப்படிச் சட்டென்று பிடிக்காது, பயமே இல்லை என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுபடி பூசை வைத்தார்கள். அன்றைக்கு நான் வாயே திறக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு கரையில் நின்றேன். மகள் போன தடவை இருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பூசாரி பெட்டியின் மேல் தட்டை வைத்து, தீப்பெட்டியை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சாமி" என்றார் இவர்.

மகளைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து என் கையில் கொடுத்தார். மறுபடி போய் அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இங்கேயே கொளுத்துவோம்" என்று கரையிலிருந்த கல்லைக் காட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த தட்டில் சூடக்கட்டிகள் கடகடவென்று சத்தம் போட்டன. நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.