மாஷிமாவின் ஒன்பதாவது மாடி

தொண்ணூறுகளில் பவானிபூரில் ஒரு பெரிய பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். மாடி முழுக்க வீட்டுக்காரர்கள், வங்காளிக் குடும்பம். சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை மரச் சன்னல்கள், மாடியில் தெருவைப் பார்த்து ஒரு நீண்ட வராந்தா. மழை கொட்டித் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் நான் மாடிக்கு ஓடிவிடுவேன். அங்கிருந்து ரிக்‌ஷாக்கள் தத்தளித்துப் போவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கார அம்மாளை, பெரியம்மா என்பதுபோல, மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா இட்லி கொடுத்தனுப்பிய பாத்திரம் வெறுமனே திரும்பி வந்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு, மாஷிமாவின் பிள்ளைகள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு புரமோட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் அதே ஊரில் டாக்குரியாவுக்கு வாடகைக்குப் போனார்கள். இடித்தாயிற்று என்று அம்மா போனில் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு பூஜை விடுமுறைக்குப் போனேன். பழைய வீடு இருந்த இடத்தில் பளிங்கு வாசலோடு ஓர் அடுக்குமாடி நின்றது. பழைய நகரத்தின் அழகில் ராஜாபோல வாழலாம் என்று வாசலில் விளம்பரம். மாஷிமாவுக்கு அதில் ஒன்பதாவது மாடியில் ஒரு ஃப்ளாட் கொடுத்திருந்தார்கள். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே அம்மாவோடு லிஃப்டில் ஏறினேன்.

மாஷிமா என் கையைப் பிடித்து நேராகச் சமையலறைக்கு இழுத்துப் போனார். குழாயைத் திறந்து வெந்நீரில் என் விரலை நனைத்துச் சிரித்தார். பிறகு பால்கனியில் உட்காரவைத்தார். தூரத்தில் விக்டோரியா மண்டபத்தின் வெள்ளை முகடு தெரிந்தது.

பழைய வராந்தா ஞாபகம் வருகிறது என்றேன். மாஷிமா நிதானமாக டீயை ஊற்றினார்.

"அந்த வராந்தாவில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, மா. முதலில் மாமனார், பிறகு புருஷன், பிறகு பிள்ளைகளின் சிநேகிதர்கள். நான் உள்ளேயிருந்து டீ அனுப்பிக்கொண்டிருந்தேன்."

யோசித்துப் பார்த்தேன். சேலைத் தலைப்பில் சாவிக்கொத்தோடு பின்பக்கப் படியில் ஏறி இறங்கும் மாஷிமாதான் நினைவுக்கு வந்தார். வராந்தாவில் அவரைப் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது கரியாஹாட் நெரிசலில் டாக்ஸி நின்றபோது அம்மா சொன்னாள்.

"ரிடையரானதும் சொந்த ஊருன்னு கும்பகோணத்துக்கெல்லாம் நான் வரலைன்னு உங்கப்பாகிட்ட சொல்லிடு. இங்கயே லிஃப்ட் வச்ச வீடா ஒண்ணு பார்க்கட்டும்."

அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்குரியாவிலேயே ரயில் பாதை ஓரமாக ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கினார்கள். பளிங்கெல்லாம் கிடையாது. எனக்கு இன்றும் கனவில் வருவது பவானிபூர் வீடுதான். அம்மாவிடம் சொன்னால், அங்கே எத்தனை கரப்பான்பூச்சி தெரியுமா என்பாள். அப்பாவும் ஊருக்குப் போனால் ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை. அங்கே பேச்சுத்துணைக்கு ஆளில்லையாம்.